வளரும் ஊருக்கு ஒரு கலை மையம்: புதிதாகக் கட்டுவதா, பழையதைத் திருத்துவதா, பள்ளி அரங்கைப் பகிர்வதா?

ஓர் ஊர் வளரும்போது நெருக்கடி முதலில் சாலையில் தெரியும், பிறகு பள்ளியில். மூன்றாவதாக அது தலைகாட்டும் இடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நடன வகுப்பு யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். நாடகக் குழு வாரத்துக்கு ஓர் இடம் தேடி அலையும். ஓவியம் சொல்லித்தர ஆள் இருப்பார், நான்கு மேசை போட இடம் இருக்காது.

"ஊருக்கு ஒரு கலை மையம் வேண்டும்" என்றால் யாரும் மறுப்பதில்லை. எப்படிப்பட்ட மையம் என்று கேட்டதும்தான் குழு நான்காகப் பிரிகிறது. ஒரு தரப்பு புதுக் கட்டடம் என்கிறது. இன்னொரு தரப்பு மூடிக் கிடக்கும் ஆலையையோ கிடங்கையோ காட்டுகிறது. மூன்றாவது தரப்பு, பள்ளி அரங்கம் மாலையில் சும்மாதானே கிடக்கிறது என்கிறது. கட்டடமே வேண்டாம், நிகழ்ச்சிகளை நடத்துவோம் என்பவர்களும் உண்டு. நான்கிலும் நியாயம் இருக்கிறது. எந்த ஊருக்கு எது, எப்போது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து அளப்பது

ஆள்-மணி. ஒருவர் ஒரு மணி நேரம் இடத்தைப் பயன்படுத்தினால் அது ஓர் ஆள்-மணி. பெரும்பாலான திட்ட அறிக்கைகள் இருக்கை எண்ணிக்கையில் தொடங்குகின்றன. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 500 இருக்கை அரங்கம். மாதம் 4 நிகழ்ச்சி. ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். 60 விழுக்காடு இருக்கை நிறைகிறது. மாதத்துக்கு 3,000 ஆள்-மணி. இப்போது 4 சிறிய அறைகள். ஒவ்வொன்றிலும் 15 பேர். நாளுக்கு 4 மணி நேரம். வாரத்துக்கு 6 நாள். வாரத்துக்கு 1,440, மாதத்துக்கு 6,000-க்கும் மேல். நான்கு அறைக்குத் தேவையான பரப்பு, அந்த அரங்கத்தின் முன்கூடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அரங்கமே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அறைகள் கூட்டத்தை வளர்க்கும், அரங்கம் அந்தக் கூட்டத்தை ஒன்றுசேர்க்கும். வளர்ப்பது முதலில் வரவேண்டும்.

ஆண்டுச் செலவு. கட்டும் பணத்தை ஒருமுறை திரட்டிவிடலாம். நடத்தும் பணத்தை ஒவ்வோர் ஆண்டும் திரட்ட வேண்டும். பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கு, அதை இன்று மறுபடி கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 25 ஆண்டில் அது கட்டடத்தின் பாதி விலையிலிருந்து முழு விலை வரை போய்விடும். இதன்மேல் சம்பளம். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 12 மணி நேரம் திறந்தால் 72 மணி நேரம். அதை ஒரே ஆள் பார்க்க முடியாது. மேலாளர், ஒலி-ஒளித் தொழில்நுட்பர், முன்பதிவையும் வாசலையும் மாறிமாறிப் பார்க்க இருவர், துப்புரவுக்கு ஒருவர். இதற்குக் குறைத்தால் மையம் மாலை 7 மணிக்குப் பூட்டப்படும். வேலைக்குப் போகிறவர்கள் வரத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான்.

நாட்காட்டி யார் கையில். வியாழன் மாலை 6 மணி என்றால் ஆண்டு முழுக்க வியாழன் மாலை 6 மணியாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் தடைபட்ட வகுப்பு மூன்றாவது வாரம் பாதியாகிவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: அறை அந்தக் கலைக்குத் தகுதியானதா (தரை, உயரம், ஒலி), திறக்க எவ்வளவு காலம் ஆகும், சக்கர நாற்காலியில் வருபவரும் வாகனம் இல்லாதவரும் வந்துபோக முடியுமா, கணக்கு தப்பினால் பின்வாங்க வழி இருக்கிறதா.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | புதுக் கட்டடம் | பழைய கட்டடம் | பள்ளி அரங்கம் | கட்டடமில்லா மையம் |
|---|---|---|---|---|
| திறக்க ஆகும் காலம் (ஏறத்தாழ) | 4–6 ஆண்டு | 2–3 ஆண்டு | 3–6 மாதம் | 2–3 மாதம் |
| முதல் செலவு | மிக அதிகம் | நடுத்தரம். கணிப்பது கடினம் | குறைவு | மிகக் குறைவு |
| ஆண்டுச் செலவு | அதிகம் | கூரையையும் சுவரையும் பொறுத்தது | குறைவு | சம்பளமும் போக்குவரத்தும் |
| நாட்காட்டி | உங்கள் கையில் | குத்தகை நீளமானால் உங்கள் கையில் | பள்ளியின் கையில் | இடம் தருபவர் கையில் |
| பகல் நேரப் பயன்பாடு | உண்டு | உண்டு | விடுமுறையில் மட்டும் | கிடைத்தால் உண்டு |
| மண்பாண்டச் சூளை, நடனத் தரை | திட்டமிட்டால் முடியும் | பெரும்பாலும் முடியும் | முடியாது | முடியாது |
| பின்வாங்குவது | மிகக் கடினம் | கடினம் | எளிது | மிக எளிது |

## புதுக் கட்டடம்

பரப்புக் கணக்கில் ஏமாறாதீர்கள். 1,000 சதுர மீட்டர் பயன்படும் இடம் வேண்டும் என்றால் 1,400 முதல் 1,500 சதுர மீட்டர் கட்ட வேண்டியிருக்கும். நடைவழி, படிக்கட்டு, கழிப்பறை, இயந்திர அறை, சுவரின் தடிமன் எல்லாம் மீதியைத் தின்றுவிடும். இதை மறந்து மதிப்பீடு போட்டால், பணம் போதவில்லை என்று தெரியும்போது முதலில் வெட்டப்படுவது சாமான் அறை. அதன் விளைவு வரிசையாக வரும்: நாற்காலிகள் நடைவழியில் அடுக்கப்படும், நடைவழி அவசர வழியை அடைக்கும், தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வந்தால் அரங்கத்தைப் பூட்டச் சொல்லும். மொத்தப் பரப்பில் 10 முதல் 15 விழுக்காடு சாமான் அறை என்று எழுதிவைத்து, அதில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடனத் தரையை எடுத்துக்கொள்வோம். சிமென்ட் தரையின்மேல் வினைல் விரித்துவிட்டு "நடன அறை" என்று பெயர்ப்பலகை மாட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. குதித்து இறங்கும் விசை முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும்தான் போகும். சரியான தரை அடுக்கடுக்காக அமையும்: அடியில் ரப்பர் திண்டு, அதன்மேல் மரச்சட்டம், அதன்மேல் இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி இரண்டு அடுக்கு பிளைவுட், மேலே வினைலோ மரப்பலகையோ. எல்லாம் சேர்த்து 60 முதல் 100 மில்லிமீட்டர் உயரும். கான்கிரீட் போடும்போதே அந்த அளவுக்குத் தளத்தைப் பள்ளமாக விட்டிருந்தால் வாசலோடு சமமாக வரும். விடவில்லை என்றால் வாசலில் ஒரு படி முளைக்கும். சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். 80 மில்லிமீட்டர் படியை 1-க்கு 12 சரிவில் கடக்க ஏறத்தாழ 1 மீட்டர் சரிவுப்பாதை வேண்டும். அறைக்குள் அதற்கு இடம் ஏது?

இதுபோல் வரைபடத்திலேயே கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. மண்பாண்ட அறையில் சூளைக்குத் தனி மும்முனை மின்இணைப்பும் புகைபோக்கியும் இருக்கின்றனவா? கழுவும் தொட்டிக்குக் கீழே களிமண் படியும் தொட்டி இருக்கிறதா? (இல்லை என்றால் முதல் ஆண்டிலேயே கழிவுநீர்க் குழாய் கல்லாகிவிடும்.) அரங்கத்தில் விளக்குக் கம்பிகளுக்குக் கீழே 6 மீட்டராவது உயரம் இருக்கிறதா? மேடைப் பொருள் ஏற்றிவரும் வண்டி மேடைக்குப் பின்னாலேயே வந்து நிற்குமா? ஏசி குழாயின் அகலத்தைச் செலவுக் குறைப்பில் சுருக்கினார்களா? குழாய் சிறுத்தால் காற்று வேகமாகப் போகும், போகிற வேகத்தில் சீறும். மேடையில் நடிகர் மெல்லப் பேசும் இடத்தில் அந்தச் சீறல்தான் கேட்கும்.

புதுக் கட்டடத்தின் பெரிய ஆபத்து பொறியியலில் இல்லை, ஆசையில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1999-இல் திறந்த தேசிய பாப் இசை மையம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. எஃகில் இழைத்த நான்கு பெரிய மேளங்கள் போன்ற அந்தக் கட்டடம் பிறகு பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் கைக்குப் போனது. வெஸ்ட் பிராம்விச்சில் 2008-இல் திறந்த 'தி பப்ளிக்' கலை மையமும் 2013-இல் மூடப்பட்டுக் கல்லூரியானது. இரண்டும் கண்ணைக் கவரும் கட்டடங்கள்தாம். கட்டடம் கூட்டத்தை அழைத்துவரும் என்ற நம்பிக்கைக்கு இவை எச்சரிக்கை. ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்கு இடம் தருவதுதான் கட்டடத்தால் நிச்சயமாக ஆகும் வேலை.

எப்போது இது சரி: திருத்தத் தகுந்த பழைய கட்டடம் ஊரில் இல்லை, குறைந்தது 10 ஆண்டு நடத்தும் செலவுக்கு எழுத்துபூர்வமான ஒப்புதல் இருக்கிறது, இன்றே பல குழுக்கள் இடமின்றித் திரும்புகின்றன என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் கட்டுங்கள். இரண்டு மட்டும் இருந்தால் பொறுங்கள். ஆனால் நிலத்துக்கு இது பொருந்தாது. வளரும் ஊரில் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள இடம் ஐந்தாண்டு காத்திருக்காது. கட்டடத்தைத் தள்ளிப் போடலாம். நிலத்தை நகரத் திட்ட வரைபடத்தில் இப்போதே ஒதுக்க வைத்துவிட வேண்டும்.

## பழைய கட்டடத்தைத் திருத்துதல்

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலை. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற எண்ணம் இருந்த காலத்தில் கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி போய்ப் பார்த்தபோது, விடுமுறை நாளில் மக்கள் அந்தக் கொட்டகைகளை ஏற்கெனவே தங்கள் இடமாக்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் ஓடியாடினார்கள். கொட்டகைகளை அப்படியே காப்பாற்றி, உள்ளே நூலகம், பட்டறைகள், அரங்கம், கண்காட்சிக் கூடம் வைத்தார். எஸ்.இ.எஸ்.சி. பொம்பேயா என்ற பெயரில் 1982-இல் திறந்த அந்த மையம் இன்றும் நடக்கிறது. பழைய கட்டடத்தின் முதல் சொத்து அதன் செங்கல் அழகென்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய சொத்து, ஊர்க்காரர்களுக்கு அந்த வாசல் ஏற்கெனவே தெரியும் என்பது.

ஆனால் வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. வரிசை மாறினால் பணம் போகும்.

முதலில் கட்டமைப்பு. மக்கள் கூடும், ஆடும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 500 கிலோ எடை) அளவில் சுமை தாங்கும் வலு கேட்பார்கள். வீட்டுத் தளம் 2 அளவில்தான் கட்டப்பட்டிருக்கும். கிடங்கும் ஆலையும் பெரும்பாலும் தேறும், பழைய பெரிய வீடுகள் தேறாது. அடுத்து கூரை: ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதைப் பாதுகாப்பாக அகற்றுவதே தனி ஒப்பந்த வேலை. மூன்றாவது பயன்பாட்டு மாற்ற அனுமதி. கிடங்கு பொதுமக்கள் கூடும் இடமாக மாறும்போது அவசர வழி, கழிப்பறை, சரிவுப்பாதை எல்லாம் இன்றைய விதிப்படி கேட்கப்படும். இந்த மூன்றும் தெளியும் முன் உள் அலங்காரம் பற்றிப் பேசவே வேண்டாம்.

தூண்கள் தனித் தலைவலி. 5, 6 மீட்டருக்கு ஒரு தூண் நின்றால் பட்டறைக்கும் கண்காட்சிக்கும் தொந்தரவில்லை. நடனத்துக்கும் நாடகத்துக்கும் ஆகாது. மேல்தளத்தில் தூண் இருக்காது, கூரைச் சட்டம் மட்டும்தான் என்று நடனத்தை மேலே ஏற்றினால், காலடி ஓசை கீழே ஓவிய வகுப்பின் தலையில் விழும். தரைத்தளம் மட்டுமே உள்ள அகலமான கொட்டகை கிடைத்தால் விடாதீர்கள்.

இனி ஒலி. நீளம் 15, அகலம் 10, உயரம் 6 மீட்டர் உள்ள வெறும் சிமென்ட் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 900 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 600 சதுர மீட்டர். சிமென்டும் செங்கலும் தம்மேல் படும் ஒலியில் 4 விழுக்காடு அளவில்தான் உறிஞ்சும். ஆக மொத்த உறிஞ்சல் 24 சதுர மீட்டர். ஓசை அடங்க ஆகும் நேரத்தைக் கணிக்கும் சபைன் சூத்திரப்படி 0.161-ஐக் கொள்ளளவால் பெருக்கி உறிஞ்சலால் வகுத்தால் 6 நொடி வருகிறது. கைதட்டினால் அந்த ஓசை அடங்க 6 நொடி ஆகும். பேச்சு புரிய 1 நொடி அளவில் இருக்க வேண்டும். அதற்கு உறிஞ்சல் 145 வேண்டும். 100 பேர் நாற்காலியில் உட்கார்ந்தால் 45 அளவில் கிடைக்கும். மீதிக்கு நல்ல உறிஞ்சு பலகைகள் ஏறத்தாழ 100 சதுர மீட்டர், சுவரிலும் கூரையிலும் பரப்பி. ஒரு மூலையில் நான்கு திரைச்சீலை தொங்கவிட்டால் தீரும் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். (இந்தச் சூத்திரம் பிறந்ததே இப்படியொரு பாழ் அறையில்தான். 1895-இல் ஹார்வர்டின் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற புகார் வந்தது. வாலஸ் சபைன் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி அளந்து பார்த்தார்.)

அறைக்குள் முழக்கம் ஒரு பிரச்சினை. அறைக்கு வெளியே கசிவது வேறு பிரச்சினை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பக்கத்து அறைக்குச் சத்தம் போகாமலிருக்க உறிஞ்சு பலகை ஒட்டுவது வீண் செலவு. அதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும். சுவரின் பரப்பில் 1 விழுக்காடு ஓட்டை இருந்தால் போதும். சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஒலித்தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 20 சதுர மீட்டர் சுவரில் அது வெறும் 0.2 சதுர மீட்டர். கதவடி இடைவெளி, மின்கம்பி போகும் துளை, கூரை ஓட்டுக்குக் கீழே விட்ட சந்து எல்லாம் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும்.

தீ பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஸ்னேப் என்ற இடத்தில் பழைய மால்ட் (முளைகட்டிய பார்லி) ஆலை 1967-இல் இசை அரங்கமானது. 1969-இல் விழாவின் முதல் இரவிலேயே எரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். எல்லா ஊருக்கும் அந்த வலு இருக்காது. மரக்கூரை உள்ள கட்டடத்தில் புகை உணர்கருவிக்கும் மறுகட்டுமானச் செலவு முழுவதையும் ஈடுசெய்யும் காப்பீட்டுக்கும் முதல் மதிப்பீட்டிலேயே இடம் வையுங்கள்.

எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தில் 10 விழுக்காடு வைத்தால், இங்கே 20-க்குக் குறைய வேண்டாம். இடம் குத்தகை என்றால் 20 ஆண்டாவது இருக்கட்டும். நீங்கள் செய்த மேம்பாட்டைக் காட்டியே வாடகை ஏற்றக்கூடாது என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கொட்டகையைச் சீராக்கி, தெருவுக்கு ஆள்நடமாட்டம் கொண்டுவந்து, ஐந்தாவது ஆண்டில் அதே காரணத்தால் வெளியேற்றப்பட்ட கலைக் குழுக்கள் எத்தனையோ ஊர்களில் உண்டு.

எப்போது இது சரி: கட்டமைப்பு ஆய்வில் தேறிய கொட்டகை ஊர் நடுவில் இருக்கிறது, பகுதி பகுதியாகத் திறக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறது. முதலில் இரண்டு பட்டறை, அடுத்து நடன அறை, கடைசியில் அரங்கம் என்று போக முடிவதுதான் இந்த வழியின் பெரிய வசதி; புதுக் கட்டடத்தில் அது எளிதில் வாய்க்காது.

## பள்ளி அரங்கைப் பகிர்தல்

செலவு குறைவு, உடனே தொடங்கலாம். ஆனால் தேர்வு மாதங்களில் அரங்கம் கிடைக்காது; பள்ளி நேரத்தில் வெளியாட்கள் உள்ளே வர முடியாது, அது நியாயமும்கூட. அதனால் பகலில் ஓய்வாக இருக்கும் முதியவர்களும் சிறு குழந்தையோடு வரும் பெற்றோரும் விடுபட்டுப் போவார்கள். மறைந்திருக்கும் செலவுகள்: காவலாளிக்குக் கூடுதல் நேரச் சம்பளம், தனிக் காப்பீடு, ஒவ்வொரு முறையும் பொருள்களைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போகும் உழைப்பு.

வாய்மொழி ஒப்பந்தம் தலைமை ஆசிரியர் மாறியதும் காற்றில் போய்விடும். எழுத்தில் இருக்க வேண்டியவை: ஓராண்டுக்கான நாள்பட்டியல், நாளை மாற்ற எத்தனை வாரம் முன்னறிவிப்பு, பூட்டிவைக்க 10 முதல் 15 சதுர மீட்டர் சாமான் அறை, சாவி யாரிடம், விளக்கு உடைந்தால் யார் செலவு. சாமான் அறை தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வாராவாரம் கீபோர்டையும் ஓவிய மேசையையும் வீட்டிலிருந்து சுமந்து வரும் தன்னார்வலர் மூன்று மாதத்துக்கு மேல் தாங்க மாட்டார்.

எப்போது இது சரி: ஊரில் எவ்வளவு பேருக்கு ஆர்வம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாதபோது. எங்கள் பார்வையில் அநேகமாக எல்லா ஊரும் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

## கட்டடமில்லா மையம்

ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர், ஒரு வண்டி, ஒரு சாமான் அறை, ஆண்டு நாட்காட்டி. நூலகம், பூங்கா, காலிக் கடை என்று இடம் மாறி நடத்துவது. ஊர் பல துண்டுகளாகச் சிதறி வளரும்போது இது கட்டடத்தைவிட அதிகம் பேரை எட்டும். ஒருங்கிணைப்பாளர் போனால் மையமே போய்விடும் என்பது இதன் பலவீனம். முதல் நாளிலிருந்தே தொடர்புகளையும் நடைமுறைகளையும் பதிவேட்டில் எழுதிவைப்பது ஒன்றுதான் மருந்து. மழைக்கு மாற்று இடம் இல்லாத நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டாம்.

## நிர்வாகத்தின் முன் வைக்கும்போது

"கலை ஊரை உயர்த்தும்" என்ற வாதம் கூட்டத்தில் எடுபடாது. விளையாட்டுத் திடலுக்கும் வடிகாலுக்கும் பணம் கேட்பவர்கள் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் எண்ணோடுதான் வருகிறார்கள்.

அதனால் பள்ளி அரங்கிலோ நூலக அறையிலோ தொடங்கும் முதல் நாளே ஒரு பதிவேட்டைத் திறங்கள். தேதி, நேரம், என்ன நிகழ்வு, எத்தனை பேர், எந்தப் பகுதியிலிருந்து, என்ன வயது, கட்டணம் கொடுத்தார்களா. இவை எல்லாரும் எழுதுபவை. கடைசியில் இன்னொரு பத்தி சேருங்கள்: "கேட்டும் தர முடியாதவை". யார் கேட்டார், எந்தக் கிழமை, எந்த நேரம், என்ன மாதிரி அறை, ஏன் தர முடியவில்லை. 18 மாதம் இதை விடாமல் எழுதினால் மையத்தின் வரைபடம் அந்தப் பத்தியிலேயே தெரிந்துவிடும். மாலை வேளைகளில் கிடைக்கும் நேரத்தில் 70 விழுக்காடு தொடர்ந்து நிறைகிறது, திருப்பி அனுப்பியவை மாதாமாதம் கூடுகின்றன என்றால் பழைய கட்டடத்தையோ புதுக் கட்டடத்தையோ பேசும் நேரம் வந்துவிட்டது. திருப்பி அனுப்பியதில் பாதி நடனத்துக்காக என்றால் முதல் பணம் அந்தத் தரைக்குப் போகட்டும். ஒலிப்பதிவுக்கும் இசைப் பயிற்சிக்கும் என்றால் கனமான சுவருக்கு. பெரிய மேடை வேண்டும் என்று 18 மாதத்தில் மூன்றே பேர் கேட்டிருந்தால், 500 இருக்கையை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலியை அடுக்கி வைக்கக்கூடிய 150 பேர் தட்டைத் தரை அறை என்று எழுதுங்கள்.